கோராக்ஸும் என் மாமனாரும்

எங்கள் சபையின் நிர்வாகக் குழுத் தலைவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. அவருடைய மருமகன் பெரிய திரைகள் விற்கும் கம்பெனியில் சேர்ந்த அதே மாதத்தில் பிறந்தது. அதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதும் உலகத்தில் உண்டுதானே.

அந்த ஞானம் என்னவென்றால், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று என் மனைவி கைகளை அசைத்துக்கொண்டிருப்பது, நேரலையில் பார்க்கிறவர்களின் கண்ணை உறுத்துகிறதாம். மேடைக்குப் பின்னால் ஒரு திரை வைத்துவிட்டால் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அதில் எழுத்தாக ஓடும். காது கேளாதவர்கள் படித்துக்கொள்ளலாம். காது நன்றாகக் கேட்டும் தூங்கிப்போகிறவர்கள், விழித்ததும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதியைத் தலைவர் சொல்லவில்லை. திட்டத்துக்கு என்னால் ஆன உதவி.

என் மனைவி சைகை மொழிபெயர்ப்பாளர். அம்மா அப்பா இரண்டு பேருக்கும் காது கேட்காத வீட்டில் பிறந்தவள். வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பால் கேட்டவள். பிறகு அதையே முறையாகப் படித்து, காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசை இடப்பக்கம் உட்காரும் ஆறு பேருக்காக மேடையோரம் நிற்பாள். அந்த ஆறு பேரில் ஒருவர் அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார்.

மாமனார் ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய அச்சகத்தின் இயந்திர அறையில் இருந்தவர். இயந்திரம் ஓடும்போது அந்த அறையில் யாருக்குமே எதுவும் கேட்காது. மற்றவர்கள் எல்லாம் அன்றாடம் வந்து போகிற செவிடர்கள், அவர் மட்டும் நிரந்தர ஊழியர் என்று என் மனைவி மூலம் நான் சொன்னபோது, அவரே மேஜையைத் தட்டிச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க எழுத்துகளை அச்சடித்து வெளியே தள்ளினாரே தவிர, படிப்பது அவருக்குச் சிரமம். அவருடைய தாய்மொழி கையில் இருக்கிறது. அச்செழுத்து அவருக்கு வேலைக்குப் போய்வந்த வெளிநாடு மாதிரி. கடைப்பெயர் படிப்பார், பேருந்துப் பலகை படிப்பார், ஓடுகிற எழுத்தைத் துரத்த அவரால் முடியாது.

நிர்வாகக் குழு நியாயமாக நடந்துகொள்ள முடிவு செய்தது. அதாவது, முடிவை முதலில் செய்துவிட்டு, நியாயத்தைப் பிறகு வைத்துக்கொண்டது. ஒரு ஞாயிறு, திரையும் ஓடும், என் மனைவியும் நிற்பாள். ஆராதனை முடிந்ததும் ஆறு பேரில் மூத்தவரான மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். திரையே போதும் என்று தெரிந்தால், அடுத்த வாரத்திலிருந்து அவள் மற்றவர்களைப் போல உட்கார்ந்து பிரசங்கம் கேட்கலாம்.

“அப்பா சர்ச்சுக்கு வர்றதையே நிறுத்திடுவாருங்க,” என்றாள் அன்று வீட்டுக்கு வந்ததும். “அம்மா போனப்புறம் வீட்டுக்கு வெளியில அவரு நாலு பேரோட கை நிறையப் பேசுற இடம் அது ஒண்ணுதான். நான் அங்க நிக்கலேன்னா மத்த அஞ்சு பேரும் வரமாட்டாங்க. அப்புறம் இவரு யாரோட பேசுவாரு?”

“நாம ரெண்டு பேர் இருக்கோமே.”

“நீங்க பேசுறது பேச்சா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ‘சாப்டீங்களா’, ‘டிவியைப் போடவா’. இந்த ரெண்டுதானே உங்களுக்குத் தெரியும்.”

பார்த்தால் ஓரளவு புரியும், கைக்கு வருவது மூன்று. ‘மகள் கோபமா இருக்கா’ என்பதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதைத்தான் அடிக்கடி பயன்படுத்துகிறோம்.

சோதனை ஞாயிறுக்கு வரவிருந்தவர் சாதாரண ஆள் இல்லை. ஓய்வு பெற்ற இறையியல் பேராசிரியர். சபையில் அவருக்குப் பெயர் மூலமொழி. ‘மூலமொழியில பாத்தீங்கன்னா’ என்று ஆரம்பிக்காமல் அவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை என்பார்கள். அவர் பேச வந்தால் போதகர் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி விழிப்பார். அப்படிப்பட்டவர் என்றைக்காவது ஒருநாள் கீழே இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மொழிபெயர்க்கிறவர்கள் பிரசங்கக் குறிப்பை முன்கூட்டியே வாங்கிப் படித்துவைப்பது வழக்கம். என் மனைவி அவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

“ஐயா, ஞாயித்துக்கிழமைக்கு உங்க குறிப்பை அனுப்பினீங்கன்னா எனக்கு வசதியா இருக்கும்.”

“குறிப்பு எதுக்கு சிஸ்டர்? ஒரே ஒரு சொல்லைப் பத்தித்தான் பேசப்போறேன். கோராக்ஸ்.”

“அப்படின்னா?”

“மூலமொழியில அண்டங்காக்கா. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு இடத்துலதான் வருது. லூக்கா மட்டும்தான் எழுதியிருக்காரு.”

“அந்தச் சொல்லுல எதைப் பத்திப் பேசுவீங்க ஐயா?”

“முக்கியமா அதோட சத்தத்தைப் பத்தி,” என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒரு மணி நேரம் காக்கா கத்துறதைப் பத்திப் பேசப்போறாராம். காது கேக்காத ஆறு பேருக்கு.”

“திரைக்கும் அதே கஷ்டம்தானே?”

“திரைக்கு என்ன கஷ்டம்? ‘க்ரா’ன்னு ரெண்டு எழுத்தைப் போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடும். அங்க நின்னு முழிக்கப்போறது நான்தானே.”

அன்றே சாப்பாட்டு மேஜையில் அப்பாவை எதிரே உட்கார வைத்து ஒத்திகை ஆரம்பித்தாள். விரல்களை வாயருகே அலகாக வைத்து, தலையை முன்னும் பின்னும் ஆட்டினாள். மாமனார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

“இது என்ன?” என்று கேட்டது அவருடைய கை.

“காக்கா.”

“கோழி.”

மறுபடி செய்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். “கிழட்டுக் கோழி.”

“அப்பா!”

“கோழி கீழ பாக்கும். காக்கா உன்னைப் பாக்கும்,” என்றார். சொல்லிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தார். என் தட்டிலிருந்த ரொட்டியைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டேன். அவ்வளவு தத்ரூபம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தப் பழமொழியை மட்டும் என் மாமனாருக்கு யாரும் சைகையில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரே மெச்சுகிற மகளை வாரம் தவறாமல் குறை சொல்வார். ஆராதனை முடிந்து காருக்கு வருவதற்குள், எந்த இடத்தில் அவள் கை மந்தமானது, எந்தச் சொல்லை விழுங்கினாள் என்று வரிசையாக வந்துவிடும். அவளும் பதிலுக்குப் பதில் சண்டை பிடிப்பாள். வாகனம் நிறுத்துமிடத்தில் இரண்டு பேரும் சத்தமே இல்லாமல் போடுகிற சண்டையைப் பார்க்க ஒரு சிறு கூட்டம் நிற்கும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவள் கையில் அவர் குறை கண்டதில்லை. வந்ததை வந்தபடி சொல்லிவிடுவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதற்கு அவள் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் மாமனார் பாட்டு வேளையில் பெஞ்சுப் பலகையில் வருகிற அதிர்வைப் பிடித்துக்கொண்டு தன் குரலில் பாடுவார். கரகரவென்று, தொண்டையின் அடியிலிருந்து, எந்த ராகத்துக்கும் கடன்படாத குரல். அந்தக் குரலில்தான் மகளைச் சின்ன வயதில் தெருமுனையிலிருந்து கூப்பிடுவாராம். நேரலை வந்த பிறகு ஒருநாள் தலைவர் மிக மரியாதையாக வந்து, ஒலிப்பதிவு கெடுகிறது, பெரியவர் வாயை மூடிக்கொண்டு பாடினால் நன்றாக இருக்கும் என்றார். அதை அப்பாவுக்குச் சொன்னதும் அவள்தான். ஒரு சொல் குறையாமல் சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அவர் குரல் எழுந்ததில்லை.

ஞாயிறு வந்தது. திரையும் வந்தது. ஒரு பிழையாவது விடும் என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. ‘கோராக்ஸ்’ உட்பட எல்லாவற்றையும் ஒற்று பிசகாமல் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் ஒவ்வொரு வரிக்கும், தானே பெற்றெடுத்தது போலத் தலையாட்டினார்.

மூலமொழி பேச ஆரம்பித்தார். வழக்கம்போலத்தான் ஆரம்பித்தார், நானும் வழக்கம்போல இருக்கையில் சரிந்தேன். ஆனால் மனிதர் அன்று வேறு எங்கேயோ போனார்.

நோவா பேழையின் ஜன்னலைத் திறந்து முதலில் வெளியே விட்டது காக்கையைத்தான் என்றார். போகவும் வரவுமாக, தண்ணீர் வற்றும்வரை அந்த வெறும் வெள்ளத்தின் மேல் தனியாக அலைந்தது அதுதான். புறாவுக்குப் படம் போட்டோம், காக்கைக்குப் பழி போட்டோம். தின்னத் தகாத பறவை என்று பட்டியலில் சேர்த்தோம். பிறகு ஒரு பஞ்சம் வந்தது. தீர்க்கதரிசி எலியா ஓடைக் கரையில் ஒளிந்து பட்டினி கிடந்தபோது, காலையும் மாலையும் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தது யார்? தீட்டு என்று ஒதுக்கிய அதே பறவை. “எலியா ‘உன் கையால சாப்பிட மாட்டேன்’னு சொன்னதா எங்கேயும் எழுதலை,” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விதைக்காமல் அறுக்காமல் பிழைக்கிற பறவைகளைப் பாருங்கள் என்று இயேசு சொன்னதை மத்தேயுவும் எழுதினார், லூக்காவும் எழுதினார். மத்தேயு பொதுவாகப் ‘பறவைகள்’ என்று போட்டார். லூக்காவில்தான் கோராக்ஸ். குருவியோ புறாவோ இல்லை, களஞ்சியமும் இல்லாத, நல்ல பெயரும் இல்லாத அண்டங்காக்கை. ஏன்? சங்கீதத்தில் ஒரு வரி இருக்கிறது, கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கு அவர் இரை கொடுக்கிறார் என்று. “அந்தக் கூப்பாட்டை யாராவது பாட்டுன்னு சொல்வாங்களா? யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா பதில் வந்தது அதுக்குத்தான்.”

என் மனைவியின் கைகள் அவரோடு ஓடிக்கொண்டிருந்தன. அலகு, வெள்ளம், ரொட்டி, குஞ்சின் திறந்த வாய். ஆறு தலைகளும் அவளோடு சேர்ந்து அசைந்தன. அப்போதுதான் அவர் அந்த இடத்துக்கு வந்தார்.

“கோராக்ஸ்ங்கிறது யாரோ யோசிச்சு வச்ச பேரு இல்லை. கிரேக்கன் அந்தப் பறவை சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டான். சொல்லிப் பாருங்க. க்ரா!”

கூடம் அதிர்ந்தது. திரை ‘க்ரா’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தயாராக நின்றது. என் மனைவி தொண்டையருகே விரல்களை வைத்து, சொரசொரப்பான எதையோ வெளியே இழுப்பது போல ஒரு சைகை செய்தாள். பாதியில் கை நின்றுவிட்டது. அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மாமனார் எழுந்தார்.

நேராக மேடைக்கு நடந்தார். படி ஏறினார். பிரசங்கபீடத்தின் பக்கவாட்டுப் பலகையில் வலது உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். இயந்திரத்தின் உடம்பில் கையை வைத்தால் உள்ளே எது சரியாக ஓடுகிறது, எது இழுக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். பேசுகிற பீடம் ஒன்றைக் கண்டதும் பழைய தொழில் புத்தி அவரை எழுப்பிவிட்டது. கோயில், நேரலை, நிர்வாகக் குழு எதுவும் நினைவில்லை.

கூடத்துக்கு இது எப்படித் தெரியும்? பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தொண்டர்கள் இரண்டு பேர் ஓடினார்கள். தலைவர் பாதி எழுந்து, காமிராக்காரனுக்கு “அந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு” என்று கை காட்டினார். அவர் செய்த முதல் சைகை மொழிபெயர்ப்பு அது.

“விடுங்க, தொடாதீங்க,” என்றாள் என் மனைவி சத்தமாக. “அவருக்கு ஒண்ணுமில்லை. மறுபடி கேக்குறாரு.”

“எதை?” என்றார் மூலமொழி.

“காக்காவை, ஐயா.”

ஒரு ஆராய்ச்சியாளரை, நேரலையில், மேடையில், இன்னொரு தடவை காக்கா மாதிரி கத்தச் சொல்கிறார் ஒருவர். நான் பல வருடங்களாகக் காத்திருந்த தருணம். பசித்தவன் போல முன்னால் சாய்ந்தேன். இதோ, மனிதர் கீழே இறங்கப்போகிறார்.

இறங்கினார். நான் நினைத்த வழியில் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பலகையில் பதிந்திருந்த கையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, நெஞ்சு பலகையில் படும்படி சாய்ந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து “க்ரா!” என்றார். மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

மாமனார் கண்ணைத் திறந்து, தீர்ப்புச் சொல்வது போல இரண்டு மூன்று சைகை செய்தார். என் மனைவி ஒரு கணம் தயங்கினாள். பிறகு மைக்கில் வந்ததை வந்தபடி சொன்னாள்:

“‘பேரிங் காஞ்சிருக்கு. ஆயில் விடுங்க.’”

கூடம் வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மூலமொழிதான். “யாராவது தண்ணி குடுங்கப்பா,” என்றார். மூலமொழி இல்லாமலே கேட்டார். குடித்தார். குடித்துவிட்டு, முன்வரிசையில் மிச்சமிருந்த ஐந்து பேரையும் கையசைத்து மேலே கூப்பிட்டார். பீடத்தைச் சுற்றி ஆறு உள்ளங்கைகள். அந்த மனிதர், எத்தனையோ மேடைகளில் எத்தனையோ மாலைகளை வாங்கியவர், வேர்வை வழிய, கூச்சமில்லாமல், ஒவ்வொருவருக்காகவும் கத்தினார். தன்னைப் பெரியவன் என்று நினைக்கிறவன் அப்படிக் கத்த முடியாது. அந்தச் சொல்லை உண்மையிலேயே நேசிக்கிறவனால்தான் முடியும். குத்தினால் வெடிக்கும் பலூன் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தவர் ஒரு முழு மனிதர். ஊசியோடு அலைகிறவனுக்கு இதைவிட ஏமாற்றம் கிடையாது. அன்று எனக்கு அந்த ஏமாற்றம் இனித்தது.

அப்புறம் மாமனார் வாயைத் திறந்தார்.

“க்ரா.”

அந்தக் கரகரத்த குரல், அந்தக் கட்டடத்துக்குள். யாரும் சிரிக்கவில்லை. மூலமொழி பதிலுக்கு ஒரு ‘க்ரா’ கொடுத்தார். இவர் ஒன்று, அவர் ஒன்று. இரண்டு கிழவர்களும் ஒரே கிளையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது போலப் பேசிக்கொண்டார்கள். திரை இருவரையும் வித்தியாசம் பார்க்காமல் ஒரே எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் நிர்வாகக் குழுவைவிட அது மேல்.

ஆனால் சோதனை சோதனைதான். ஆராதனை முடிந்ததும் பின்னறையில் கூடினார்கள். மூலமொழியும் இருந்தார், தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டு. மாமனாரை நடுவில் உட்கார வைத்தார்கள்.

“ஒரு சின்ன சிக்கல்,” என்றார் தலைவர். “பெரியவர் சொல்றதை மகளே நமக்குச் சொன்னா எப்படி? தப்பா நினைக்காதீங்க சிஸ்டர், உங்களுக்குச் சாதகமா ஒண்ணு ரெண்டு வார்த்தை கூடிப்போச்சுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வேற யாருக்காவது சைகை தெரியுமா?” என்று கேட்டார் போதகர்.

எனக்கு மூன்று தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் அவளையே சொல்லச் சொன்னார்கள். கேள்வியைக் கையில் வாங்கிய மாமனார் நிதானமாக ஆரம்பித்தார். அவள் குரல் கூடவே வந்தது.

“‘என் மகளோட காக்கா இன்னிக்கும் கோழிதான்.’”

தலைவர் நிமிர்ந்தார்.

“‘வீட்டுலயே சொல்லிக் குடுத்தேன். மேடையில பயத்துல தலையைக் கீழ போட்டுட்டா. வெள்ளம் வர்ற இடத்துல அவசரப்பட்டா. சத்தம் வர்ற இடத்துல கை நின்னுபோச்சு, நானே எந்திரிச்சுப் போக வேண்டியதாச்சு.’”

“அப்படியா சொல்றாரு?” என்றார் தலைவர், நம்பமுடியாமல்.

“அப்படித்தான் சொல்றாரு,” என்றாள். அவள் காது சிவந்திருந்தது. கை நிற்கவில்லை, குரலும் நிற்கவில்லை. “‘திரை தப்பே செஞ்சிருக்காது. காலம் பூரா மெஷினோட இருந்தவன் நான், மெஷினைக் குறை சொல்ல மாட்டேன்.’”

தலைவரின் முகத்தில் விளக்கு எரிந்தது. எனக்கு உள்ளே அணைந்தது. தன் கையாலேயே மனிதர் தன் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே!

“அப்போ திரையே போதும்னு வச்சுக்கலாமா?”

அந்தக் கேள்வியையும் அவள்தான் அப்பாவிடம் கொண்டுபோனாள். ஒரு சொல் குறைக்கவில்லை. மாமனார் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலைவர் பக்கம் திரும்பினார்.

“‘திரைகிட்ட மறுபடின்னு சொன்னா நிக்குமா?’”

“அது... அது எப்படி நிக்கும்? பேசப் பேச ஓடிட்டேதான் இருக்கும்.”

“‘என் மக நிப்பா. நான் முழிச்சா அவளுக்குத் தெரியும். புரியலைன்னா வேற மாதிரி சொல்லுவா. திட்டினா திருத்துவா. இன்னிக்கு அத்தனை பேர் முன்னால, எனக்காக அவரைத் திரும்பக் கத்த வச்சா.’” அவள் குரல் நடுங்கவில்லை. நடுங்கினால் அது அவர் சொன்னது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். “‘எனக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும். அடுத்த வாரமாவது காக்காவை ஒழுங்கா செய்யச் சொல்லுங்க.’”

ஒரு வார்த்தை கூட்டியிருப்பாளோ என்று இப்போது யார் கேட்பது? கூட்டுகிறவளாக இருந்தால் அந்தக் கோழியை முதலில் மறைத்திருப்பாளே.

“அடுத்த வாரம் நானும் வர்றேன்,” என்றார் மூலமொழி, இருந்த கொஞ்சக் குரலில். “அந்தக் காக்காவை நான் பாக்கணும்.”

தலைவர் தொண்டையைக் கனைத்தார். பெரிய மனிதர்கள் தோற்கும்போது முதலில் தொண்டையைத்தான் கனைப்பார்கள். “திரையும் இருக்கட்டும். சிஸ்டரும் நிக்கட்டும். காமிராவை... கொஞ்சம் அகலமா வச்சுக்கலாம்,” என்றார். அவரையும் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மாமனாரிடம் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காக்கா பிடிக்கிறார் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். என் சரித்திரத்தில் அபூர்வம்.

வெளியே வந்தோம். காலியாகிக்கொண்டிருந்த பெரிய கூடத்தின் நடுப்பாதையில் என் மனைவி எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவள் எப்போதும் முன்னால்தான் நடப்பாள். மாமனார் நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தெருமுனையிலிருந்து கூப்பிட்ட அதே பழைய குரலில், கூடமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்து கத்தினார்.

அவள் நடந்த நடையிலேயே நின்று, தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, தோளுக்கு மேலாக ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்தாள்.

“அப்படியே இரு,” என்றன மாமனாரின் கைகள். “இப்பதான் காக்கா.”